கையில் சி.எஸ்.ஆர். ரசீது இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். இல்லை. அடுத்து என்ன?

மாம்பலம் வாசகர்:
வணக்கம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி 3,80,000 ரூபாய் வாங்கினவர், கடைசியில் போலி நியமன உத்தரவு கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். நம்பர் கொடுத்து அனுப்புகிறார்கள். மூன்று வாரம் கழித்துப் போனால் "விசாரணையில் இருக்கு" என்பதுதான் பதில். இது வழக்குப் பதிவா, இல்லையா? புதிய சட்டம் வந்தபிறகு அடுத்த படி எது, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எழும்பூர் வழக்குரைஞர்:
சி.எஸ்.ஆர். வழக்குப் பதிவு இல்லை. அது தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் இருக்கும் சமுதாயப் பணிப் பதிவேடு. மனு வந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். மத்தியச் சட்டத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் போலீசுக்குப் புலன்விசாரணை செய்யும் கடமை வருகிறது, நகல் நீதிமன்றத்துக்குப் போகிறது. ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். "இன்ன தேதியில் தகவல் கொடுத்தேன்" என்று பின்னால் காட்ட அதுதான் ஆதாரம்.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., நடைமுறையில் இருக்கிறது. பழைய 154-ஆம் பிரிவு இப்போது 173. அதை முழுதாக ஒருமுறை படித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போவது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் சொல்லும் செயல் எந்தக் குற்றம், அது போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடியதா என்பதை. பாதிப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். உங்கள் உதாரணத்தில் ஏமாற்றிப் பணத்தைக் கைமாற வைத்திருக்கிறார். அது இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318(4), பழைய 420. தண்டனை 7 ஆண்டு வரை. போலீஸ் நேரடியாகப் பதிவு செய்ய வேண்டிய குற்றம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத பிரிவு. ஆனால் மனுவில் "என்னை ஏமாற்றிவிட்டார், பணத்தை வாங்கித் தரவும்" என்று மட்டும் எழுதினால் அது கடன் தகராறு போலத்தான் படிக்கும். "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று மனுவை முடிக்க வழி கிடைத்துவிடும்.

மோசடிக்கு உயிர்நாடி, வாங்கும் நேரத்திலேயே பொய் சொன்னார் என்பதுதான். எந்த நாள், எந்த இடம், என்ன வார்த்தை சொன்னார், அதை நம்பி எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு போனது, அது பொய் என்று எப்போது, எதனால் தெரிந்தது: இந்த வரிசையில் எழுதுங்கள். பின்னால் பணம் தராமல் இழுத்தடித்தது இரண்டாம் பட்சம்.

ஓய்வுபெற்ற ரைட்டர்:
சார் சொன்னதோடு, ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். எஃப்.ஐ.ஆர். படிவத்தில் எதையெல்லாம் நிரப்ப வேண்டும் என்று தெரிந்தால் மனு தானாகச் சரியாக வரும். 3-ஆம் கட்டம் சம்பவம் நடந்த நாள், நேரம், எப்போதிலிருந்து எப்போது வரை. 5-ஆம் கட்டம் நிலையத்திலிருந்து திசை, தூரம், முகவரி. 7 எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், விவரம். 8 தான் எல்லோரும் விட்டுவிடுவது, தாமதத்துக்கான காரணம். 9, 10 சொத்தின் விவரமும் மொத்த மதிப்பும். கடைசிக் கட்டம் 15, நீதிமன்றத்துக்கு அனுப்பிய நாளும் நேரமும்.

மனுவில் நாலு மாதத் தாமதம் இருந்து அதற்கு ஒரு வரிகூட இல்லையென்றால், 8-ஆம் கட்டத்தில் ரைட்டர் தானாக ஏதோ எழுதிவிடுவார். பிற்பாடு குறுக்கு விசாரணையில் எதிரி தரப்பு வக்கீல் பிடிப்பது அந்த வரியைத்தான். "பணத்தைத் திருப்பித் தருவதாக மார்ச் 3, ஏப்ரல் 10 தேதிகளில் வாட்ஸ்அப்பில் உறுதி சொன்னதால் காத்திருந்தேன்" என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இணைப்புகளுக்கு எண் போடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து கேளுங்கள்.

வில்லிவாக்கம் வாசி:
ஒரு சந்தேகம் சார். புதுச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் 14 நாள் விசாரிக்கலாம் என்று சொல்கிறார்களே. அப்படியென்றால் சி.எஸ்.ஆர். விசாரணை இப்போது சட்டப்படியானதுதானே?

எழும்பூர் வழக்குரைஞர்:
பாதி சரி. 173(3)-ஐ வார்த்தை வார்த்தையாகப் படிக்க வேண்டும். 3 ஆண்டோ அதற்கு மேலோ, ஆனால் 7 ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றத்துக்குத்தான் அந்த முதற்கட்ட விசாரணை. அதுவும் டி.எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியின் முன் அனுமதியோடு. சென்னையில் அது உதவி ஆணையர். முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து 14 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

318(4)-க்குத் தண்டனை 7 ஆண்டு வரை. "7 ஆண்டுக்குக் குறைவு" என்ற வட்டத்துக்குள் அது வராது. ஆகவே வேலை மோசடிக்கு 173(3)-ஐக் காட்டி 14 நாள் கேட்க முடியாது. அதே சமயம் நம்பிக்கை மோசடி 316(2)-க்கு 5 ஆண்டு. அது அந்த வட்டத்துக்குள் வரும். ஒரே சம்பவத்தை எந்தப் பிரிவில் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து வழி மாறிவிடுகிறது.

சைதை கோர்ட் ஜூனியர்:
அண்ணா, இதில் லலிதா குமாரி தீர்ப்பையும் சொல்லிவிடுங்கள். 2013 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, கைது செய்யத்தக்க குற்றம் (போலீஸ் நேரடியாகப் பதிவு செய்யும் வகை) தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று சொன்னது. ஆனால் குடும்பத் தகராறு, வணிகக் குற்றங்கள், மருத்துவ அலட்சியம், ஊழல், 3 மாதத்துக்கு மேல் காரணமில்லாத் தாமதம் உள்ள புகார்கள் ஆகியவற்றில் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்றும் விலக்குக் கொடுத்தது. பணம் சம்பந்தப்பட்ட மனுக்களில் ஸ்டேஷன் தரப்பு பிடித்துக்கொள்வது இந்த "வணிகக் குற்றம்" என்ற சொல்லைத்தான்.

எழும்பூர் வழக்குரைஞர்:
சரியாகச் சொன்னாய் தம்பி. அந்த விலக்கு இருந்தாலும் விசாரணையின் எல்லை ஒன்றுதான்: தகவலில் கைது செய்யத்தக்க குற்றம் தெரிகிறதா என்பது. புகார் உண்மையா பொய்யா என்று தீர்மானிக்க அங்கே இடமில்லை. இரண்டு தரப்பையும் உட்கார வைத்து "மாதம் பத்தாயிரமாகக் கொடுத்துவிடு" என்று எழுதி வாங்குவதற்கும் இடமில்லை. ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்த தவணை ஒப்பந்தம் பின்னால் மோசடி வழக்கையே பலவீனமாக்கும். அதைப் பார்த்து "இது கடன்தானே" என்பார்கள். தயவுசெய்து அதில் கையெழுத்துப் போட வேண்டாம்.

சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் குற்றப் பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டம் 420 ஆகவே இருக்கும். எஃப்.ஐ.ஆர். இப்போது பதிவானால் நடைமுறை மட்டும் பி.என்.எஸ்.எஸ். ரைட்டர்கள் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். மனுவில் நீங்களே சம்பவத் தேதியைத் தெளிவாகப் போட்டுவிட்டால் பிரச்சினை வராது.

பெரம்பூர் மேடம்:
வீட்டு ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை என்றால் 420 ஆகுமா? எங்கள் தெருவில் எல்லோரும் ஸ்டேஷனுக்குத்தான் ஓடுகிறார்கள்.

எழும்பூர் வழக்குரைஞர்:
பெரும்பாலும் ஆகாது மேடம். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடியாது. அதற்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது: 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். "வேறு ஒப்பந்தம் இல்லையென்றால்" என்ற சொல்லால்தான் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் ஓடுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் பாருங்கள். சாவி ஒப்படைத்த தேதியை எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாமல் ஒரு மாதக் கணக்கு எங்கிருந்து தொடங்கும்?

ராயபுரம்:
தெருச் சண்டை, கன்னத்தில் அறைந்தது, "கொன்னுடுவேன்" என்று மிரட்டியது: இதற்கு?

சைதை கோர்ட் ஜூனியர்:
பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணக் காயம் 115(2), கொலை மிரட்டல் 351(3). இரண்டுமே போலீஸ் நேரடியாகப் பதிய முடியாதவை. பி.என்.எஸ்.எஸ். 174-ஆம் பிரிவுப்படி பதிவேட்டில் எழுதிக்கொண்டு மனுதாரரை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் விசாரிக்கக் கூடாது. ஆனால் பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது சேர்ந்தால் 296(b) வரும். அது கைது செய்யத்தக்கது. ஒரு சம்பவத்தில் ஒரு குற்றமாவது அப்படி இருந்தால் மொத்த வழக்கையும் கைது செய்யத்தக்கதாகவே கருத வேண்டும் என்று 174(4) சொல்கிறது. நம்மூர் அடிதடி எஃப்.ஐ.ஆர்.களில் முன்பு பழைய தண்டனைச் சட்டத்தின் 294(b), 323, 506(i) என்ற மூன்றும் சேர்ந்தே வந்ததற்குக் காரணம் இதுதான். திட்டாத ஒருவர் திட்டியதாக எழுதுவது தவறு, அது பின்னால் வழக்கையே கெடுக்கும். உண்மையில் திட்டியிருந்தால், "அசிங்கமாகப் பேசினார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும்.

115(2)-க்குத் தண்டனை ஒரு வருடம் என்பதால், பி.என்.எஸ்.எஸ். 514-ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்கும் காலவரம்பும் ஒரு வருடம்தான். சி.எஸ்.ஆர். ரசீதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த வருடம் ஓடிவிடும்.

பஸ் ரூட் 29சி:
செல்போன் திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். போடவே மாட்டேன் என்கிறார்களே?

ஓய்வுபெற்ற ரைட்டர்:
புதுச் சட்டத்தில் ஒரு மாற்றம் இருக்கிறது தம்பி. திருட்டு 303(2)-இல் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் அது கைது செய்யத்தக்க குற்றம் அல்ல. ஆகவே மனுவில் போன் வாங்கிய பில், விலை, இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள் கட்டாயம். "பழைய போன்" என்று எழுதி விலையை விட்டுவிட்டால் அங்கேயே நின்றுவிடும். கையிலிருந்து வெடுக்கென்று பறித்தால் அது திருட்டு மட்டும் இல்லை, 304, பறிப்பு. அதற்கு இந்த 5,000 ரூபாய் வரம்பு கிடையாது. "போன் காணவில்லை" என்று எழுதிக்கொடுக்கச் சொன்னால் எழுதாதீர்கள். பறித்ததைத் தொலைந்தது என்று எழுதினால் வழக்கு அங்கேயே போச்சு. நிஜமாகவே தொலைந்த ஆவணங்களுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தனி வசதி இருக்கிறது, அதற்கு ஸ்டேஷன் போகவே வேண்டாம்.

எந்த எல்லை என்று அலைக்கழித்தாலும் 173(1) "குற்றம் எங்கே நடந்திருந்தாலும்" தகவலை வாங்க வேண்டும் என்கிறது. 2022 முதல் சென்னை, தாம்பரம், ஆவடி என்று மூன்று ஆணையரகங்கள். பல்லாவரத்தில் நடந்ததை மாம்பலத்தில் கொடுத்தாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பாராமல் போடுவது) போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

கொளத்தூர் கணக்கர்:
ஆன்லைன் பண மோசடிக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லிப் புகார் எண் வாங்கினால் அதுவும் எஃப்.ஐ.ஆர். ஆகாதுதானே?

எழும்பூர் வழக்குரைஞர்:
ஆகாது. ஆனால் அதை முதலில் செய்யுங்கள், ஸ்டேஷனுக்கு அப்புறம் போங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் பாய்வதற்குள் நிறுத்த விரைவான வழி அதுதான். வங்கிச் செயலியில் இருக்கும் பரிவர்த்தனை எண், நேரம், போன கணக்கின் விவரம் கையில் இருக்கட்டும். பிறகு அந்த ஒப்புகை எண்ணை வைத்து எழுத்து மனு.

மின்னஞ்சலில் புகார் அனுப்புவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். 173(1) அதை அனுமதிக்கிறது. ஆனால் அனுப்பியவர் 3 நாளுக்குள் கையெழுத்துப் போட்டால்தான் பதிவுக்கு எடுப்பார்கள். மெயில் போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் நாலாம் நாள் அது சும்மா ஒரு கடிதம்தான்.

வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டம் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63(4) கேட்கும் சான்றிதழ் இரண்டு பாகம் கொண்டது. பாகம் அ-வில் சாதனத்தை வைத்திருப்பவர் கையெழுத்து, பாகம் ஆ-வில் நிபுணர் கையெழுத்து. இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) வேண்டும். போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். பக்கத்துக் கடை கேமராவில் பதிவு இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். பல கேமரா பெட்டிகள் பழையதை அழித்துத்தான் புதியதைப் பதியும்.

மாம்பலம் வாசகர்:
சரி சார். ஸ்டேஷனில் நகரவில்லை. அடுத்து?

எழும்பூர் வழக்குரைஞர்:
173(4). தகவலின் சாரத்தை எழுதி, தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். நகரத்தில் அது துணை ஆணையர். ஆணையருக்கும் ஒரு பிரதி போடுங்கள். நேரில் மக்கள் குறைதீர் நாளில் கொடுப்பது வேறு. அதைச் செய்தாலும் தபாலைத் தவற விடாதீர்கள், சட்டம் சொல்வது தபாலைத்தான். ரிஜிஸ்டர்டு தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் ஒப்புகையோடு வேண்டும் என்று கேளுங்கள். ரசீது, ஒப்புகை அட்டை, கண்காணிப்புப் பக்கத்தின் பிரிண்ட் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் 175(3)-இன் கீழ் மனு. உறுதிமொழிப் பத்திரம் கட்டாயம். 2015-இல் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் புதுச் சட்டம் தானே எழுதிக்கொண்டது. முன்பு இல்லாத இன்னொன்று, உத்தரவு போடும் முன் காவல் அதிகாரி என்ன சொல்கிறார் என்பதையும் மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டும். ஆகவே ஒன்றிரண்டு வாய்தா அதிகம் ஆகும்.

திருப்பி அனுப்பப்படும் மனுக்களில் குறை எங்கே என்றால், பெரும்பாலும் இந்தப் படிகளின் தேதிகளில்தான். நிலையத்தில் கொடுத்த நாள், சி.எஸ்.ஆர். எண், துணை ஆணையருக்கு அனுப்பிய நாள், அவருக்குக் கிடைத்த நாள்: நான்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் பத்தி பத்தியாக வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இணைப்பு எண்ணோடு. நிலையத்தில் கொடுக்காமலே மேலிடத்துக்கு அனுப்பியிருந்தால் முதல் படி காணாமல் போய்விடும்.

பி.என்.எஸ்.எஸ்.-இல் பெருநகர மாஜிஸ்திரேட் என்ற வகையே இல்லை. பேச்சில் எம்.எம். கோர்ட் என்று சொன்னாலும் மனுவின் தலைப்பில் நீதிமன்றத்தின் இப்போதைய பெயரைக் கேட்டு எழுதுங்கள். எந்த நிலையம் எந்தக் கோர்ட் என்று தெரியவில்லையென்றால் அந்த நிலையத்தின் ஏதாவது ஒரு எஃப்.ஐ.ஆர்.-ஐ இணையத்தில் இறக்கிப் பாருங்கள்.

வில்லிவாக்கம் வாசி:
நேராக ஹைகோர்ட்டில் "எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள்" என்று போட்டால் சீக்கிரம் முடியாதா?

சைதை கோர்ட் ஜூனியர்:
முன்பு அப்படித்தான் குவிந்தது. 2016-இல் சுகேசன் டிரான்ஸ்போர்ட் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நிலையம், மேலதிகாரி என்று படிப்படியாகப் போய்க் காத்திருந்துதான் வர வேண்டும் என்று வழிமுறை வகுத்தது. இப்போது பி.என்.எஸ்.எஸ். 528-இல், அதாவது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரப் பிரிவில், போட்டாலும் முதலில் வரும் கேள்வி, கீழே மாஜிஸ்திரேட்டிடம் போனீர்களா என்பதுதான். கட்டணம் செலவழித்துத் திரும்பி அதே கோர்ட்டுக்கு வருவதற்கு நேரே அங்கேயே போகலாம்.

விதிவிலக்கு உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 18ஏ பிரிவு, முதற்கட்ட விசாரணையே தேவையில்லை என்கிறது. பாலியல் குற்றத் தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரி மீது பாரதிய நியாய சன்ஹிதா 199-இல் ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல் உண்டு. இந்த இரண்டிலும் காத்திருக்க வேண்டியதில்லை. மறுத்த நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அன்றே துணை ஆணையரிடம் போங்கள்.

பெரம்பூர் மேடம்:
சி.எஸ்.ஆர். விசாரணைக்கு வயதானவர்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிடலாமா?

எழும்பூர் வழக்குரைஞர்:
சாட்சியாக என்றால், பெண்களையும், 15 வயதுக்குக் கீழோ 60 வயதுக்கு மேலோ உள்ள ஆண்களையும், உடல்நிலை சரியில்லாதவர்களையும் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும், 179-ஆம் பிரிவு. எதிரி என்று சொல்லப்படுபவரைக் கூப்பிட 35(3) நோட்டீஸ் வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. "நீங்கள் வரவேயில்லை" என்று பின்னால் சொன்னால், காவல் நிலையக் கேமராப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்ற 2020 உச்ச நீதிமன்ற உத்தரவைக் காட்டி, நீங்கள் போன தேதிக்குத் தகவல் உரிமை மனு போடலாம். 10 ரூபாய்க் கோர்ட் கட்டண வில்லை போதும்.

மாம்பலம் வாசகர்:
கடைசியாக ஒன்று. எஃப்.ஐ.ஆர். போட்டபிறகு அதே மௌனம் தொடர்ந்தால்?

ஓய்வுபெற்ற ரைட்டர்:
நகல் இலவசம், 173(2). அதை வாங்காமல் வெளியே வராதீர்கள். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும், 193(3). அந்த 90-ஆம் நாளைக் காலண்டரில் குறித்து வைத்து, தகவல் வரவில்லையென்றால் ஆய்வாளருக்கு எழுத்தில் கேளுங்கள்.

"பொருண்மைப் பிழை", அதாவது சொன்னபடி குற்றம் நடக்கவில்லை, என்று வழக்கை முடித்து ஆர்.சி.எஸ். நோட்டீஸ் (வழக்கை முடித்ததைத் தெரிவிக்கும் அறிவிப்பு) கொண்டுவந்தால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்கிய தேதியைக் கையெழுத்தின் கீழே நீங்களே எழுதுங்கள். "ஆட்சேபணை உண்டு" என்ற இரண்டு சொல்லையும் சேருங்கள்.

எழும்பூர் வழக்குரைஞர்:
அதன்பிறகு அதே மாஜிஸ்திரேட் முன்பு ஆட்சேப மனு. புகார்தாரரைக் கேட்காமல் முடிவறிக்கையை ஏற்கக் கூடாது என்பது 1985-இலேயே பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆட்சேப மனுவில் "சரியாக விசாரிக்கவில்லை" என்று எழுதினால் போதாது. எந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை, எந்த வங்கிக் கணக்கு விவரத்தை வாங்கவில்லை, உங்கள் மனுவின் எத்தனையாவது இணைப்பைத் தொடவேயில்லை என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். முதல் நாள் இணைப்புகளுக்கு எண் போட்டு வைத்திருந்தால் இது ஒரு மணி நேர வேலை.